துட்டி வீட்டுப் பேச்சும் தவறிய நாட்களும்

"மவன் போன கவலையிலதான் அவளுக்குக் கேன்சர் வந்துட்டு." தாமிரபரணிக் கரை ஊர்களில் துட்டி (சாவு) வீட்டுத் திண்ணையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கவலை புற்றுநோயை உண்டாக்குகிறதா என்பது ஒன்று. புற்றுநோய் வந்தவரின் சாவை அது விரைவுபடுத்துகிறதா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு 2023-ல் ஓரளவு தெளிவான பதில் கிடைத்தது. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடா நாடுகளின் 18 ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மார்பகம், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தென்படவில்லை. நுரையீரல் புற்றுநோயும் புகையோடு சேர்ந்த மற்றவையும் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தன. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மனம் நொந்தவர் பீடியை அதிகம் இழுக்கிறார், குற்றவாளி அந்தப் புகை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு. 2009-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வு நோய் உறுதியான புற்றுநோயாளிகளிடம் மரண விகிதம் 39% கூடுதலாக இருந்தது. நூற்றுக்கு 39 பேர் சாகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. சோர்வில்லாத நூறு பேரில் 20 பேர் இறந்தால், சோர்வுள்ள நூறு பேரில் ஏறக்குறைய 28 பேர் இறப்பார்கள்.

அந்தக் கூடுதல் எட்டுப் பேர் எதனால் சாகிறார்கள்? கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், அழற்சி, நோய் எதிர்ப்பு என்று உடலுக்குள் தேடுவோர் உண்டு, எலிகளிடம் தடயமும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணுக்குத் தெரிவது வீணாகிப்போன நாட்கள்.

முதல் தாமதம் நோயைக் கண்டுபிடிப்பதில். "ஒறக்கம் வரல, சோறு எறங்கல, ஒடம்பு அசதியா இருக்கு" என்பது மனச்சோர்வுக்கும் பொருந்தும், வயிற்றுக்குள் வளரும் கட்டிக்கும் பொருந்தும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர் சொன்னால் வீட்டாரும், சில நேரம் மருத்துவரும், "எல்லாம் மனசுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் எடை 5% குறைந்தால், அதாவது 50 கிலோ உள்ளவர் முயலாமலே இரண்டரைக் கிலோ இளைத்தால், காரணம் தேட வேண்டும். மாத்திரையால் தூக்கமும் முகமும் தெளிந்த பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் மனசு என்று விட்டுவிடக் கூடாது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடித்தட்டை மடியில் வைத்தபடி வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் பெண்களுக்கு இன்னொரு கணக்கு: இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, வாய் முன்போல் திறக்காமை. தொடக்கத்திலேயே பிடிபட்டால் பெரும்பாலும் ஒரே சிகிச்சை, பொதுவாக அறுவை, போதும். முற்றினால் அதோடு கரண்டும் (கதிர்வீச்சு) சேரும், சிலருக்குக் கீமோ மருந்தும் ஏறும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இப்படித்தான் தள்ளிப்போகிறது. 3 முதல் 5% அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததில் அந்தப் புற்றுநோய் மரணம் 35% குறைந்திருந்தது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது உண்டு. ஆனால் வாசல்படி தாண்டவே மனம் வராதவர் அங்கே எப்படிப் போவார்?

இரண்டாவது தாமதம் சிகிச்சையின் நடுவில் வருகிறது. அதிகம் பேசப்படாதது, ஆனால் கனமானது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 'கரண்ட் வைப்பது' வழக்கமாக வாரம் ஐந்து நாள், ஆறரை முதல் ஏழு வாரம், 33 முதல் 35 முறை. நான்காவது வாரம் வாக்கில், பிழைத்திருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். அதனால் மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே அந்த இடத்தில் நோயை அடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதமோ சற்று மேலோ குறைகிறது. வாய் வெந்து, ருசி செத்து, "இனி எதுக்கு" என்று மனம் சொல்வதும் அதே வாரங்களில்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தினம் பஸ் ஏறுபவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் இழப்பு சிறிதல்ல. தவறிய அன்றே சொன்னால், சனிக்கிழமை வைத்தோ, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தோ ஈடுசெய்யலாம். கடைசி வாரத்தில் சொன்னால் ஈடுசெய்ய நாள் மிஞ்சாது.

மூன்றாவது சிக்கல் மாத்திரை டப்பாவுக்குள். மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து ஆண்டுகளாவது தினமும் விழுங்கும் தமாக்சிஃபென், கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாறினால்தான் முழுப் பலன் தரும். மாற்றித் தரும் நொதியை, மனச்சோர்வு மாத்திரைகளான ஃப்ளுவாக்சிடினும் பராக்சிடினும் வலுவாகத் தடுக்கின்றன. அதே வகையிலான வென்லாஃபாக்சினும் எஸ்சிட்டலோபிராமும் அவ்வளவு தடுப்பதில்லை. மாற்றுவது மருத்துவர் வேலை, நோயாளியின் வேலை புற்றுநோய்க்கும் மனசுக்குமான இரண்டு மருந்துச் சீட்டையும் ஒரே பையில் கொண்டுபோவது. தானாக நிறுத்தவும் கூடாது. ஃப்ளுவாக்சிடின் உடலைவிட்டுப் போக வாரங்கள் ஆகும், புதிய மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். இன்னொன்று: கழுத்தில் கரண்ட் வைப்பவருக்கு அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மாத்திரை ஏற்கெனவே வறண்ட வாயை இன்னும் வறட்டும். பசியும் தூக்கமும் இல்லாதவருக்கு இரவில் மிர்டசாபின் என்ற மாத்திரை இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யலாம்.

சோர்வைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டும் கூட்டி மூன்றோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். பசியையும் அசதியையும் மட்டும் கேட்டால் கீமோ எடுக்கும் எல்லோருமே சோர்வாளிகளாகத் தெரிவார்கள். பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் தானாக நீளும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் மனச்சோர்வுள்ள புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சோர்வுக்கென்று கூடுதல் கவனிப்புப் பெற்றவர்களில் 62% பேருக்குச் சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, வழக்கமான கவனிப்பில் 17% பேருக்குத்தான். ஆனாலும் பின்னர் ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அவர்கள் சோர்வைக் குறைத்ததே பெரிய காரியம். பஸ் ஏற்றுவதும், தவறிய நாளை ஈடுசெய்வதும், மாத்திரைகளை ஒத்துப்பார்ப்பதும் தனியாகச் செய்யவேண்டிய வேலைகள்.

கழுத்தில் கரண்ட் முடித்து வீடு திரும்பியவர் மாதங்கள் கழித்து மந்தமாகி, குளிர் தாங்காமல், யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்தால் முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனை. கதிர் பட்ட சுரப்பி மெல்ல ஓய்ந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு அளவைப் பார்க்க வேண்டும். அது ஏறியிருந்தால் சுரப்பி ஓய்ந்துவிட்டது என்று பொருள், அவருக்குத் தேவை காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை.