சுருக்குக் கம்பி வழக்கில் முதல் கையெழுத்து

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்ததாக ஒருவரை வனத்துறையினர் பிடிக்கிறார்கள். வீட்டார் பெரும்பாலும் ரிமாண்டுக்குப் (கோர்ட் காவலில் வைக்க உத்தரவிட்ட) பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்குள் பாதி வழக்கு எழுதி முடிந்திருக்கும்.

அந்தச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும். ஊர் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் வைத்தது யார் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பன்றி மாட்டவில்லை என்று வாதிட்டுப் பயனில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சுருக்கு வைக்க முயல்வதும் வேட்டைதான்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வனத்துறையினர் போலீஸ் அல்ல என்பதால் அந்தப் பாதுகாப்பு இங்கே பொதுவாகக் கிடைக்காது. பலர் இடறுவது இங்கேதான். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டம் 20(3) மட்டும் எங்கேயும் துணை நிற்கும். எழுதாத தாளிலோ, படித்துக் காட்டாத தாளிலோ கையெழுத்து, கைநாட்டு எதுவும் வேண்டாம். பிடிபட்டவர் பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர் என்றால் அவர்கள் பேச்சிலேயே விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வக்கீல் முதலில் புரட்டுவது மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய பதிவை. கம்பி எடுத்த இடம் ரிசர்வ் காடா, எஸ்டேட் நிலமா? சர்வே எண் உண்டா? கம்பியின் நீளமும் கனமும் குறித்திருக்கிறார்களா, அங்கேயே சீல் வைத்தார்களா? சாட்சிகள் இருவரும் துறை ஆட்களா? குறுக்கு விசாரணை இதிலிருந்துதான் பிறக்கிறது.

அடுத்தது நேரம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். முந்தின நாள் மாலையில் கூட்டிப்போய் மறுநாள் காலை கைது என்று எழுதினால், எஸ்டேட் செக்ரோலும் (வேலையாள் வருகைப் பதிவேடு) போன் அழைப்புப் பதிவும் உண்மையைக் காட்டும். அவற்றை வீட்டார் உடனே வக்கீலிடம் கொடுக்க வேண்டும். அடித்திருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். தள்ளிப்போனால் காயம் ஆறிவிடும்.

காவலில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழையுங்கள், ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் உண்டு. ஜாமீன்தாரரிடம் நிலப் பட்டா கேட்பார்கள்; எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருப்பவருக்குப் பட்டா கிடையாது. அவருக்குத் தெரிந்தவர்களுக்கும் கிடையாது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகக் காத்திராமல், தளர்த்தக் கேட்கும் மனுவை வக்கீல் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.