‘வசியம் செய்துவிட்டார்கள்’ என்று சொல்லும் குடும்பங்களுக்கு

“பிள்ளைக்கு என்னவோ வசியம் பண்ணிட்டாங்க.” மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றும் எனக்கு இந்தச் சொற்கள் பழகிவிட்டன. சொல்பவர் பெரும்பாலும் தாய். சில சமயம் மனைவி, சில சமயம் அக்கா. யாரைப் பற்றிய கவலையோ அவர் உடன் வருவதில்லை. ஒரு தியான வகுப்புக்கோ பிரார்த்தனைக் கூட்டத்துக்கோ போகத் தொடங்கி, பிறகு வார இறுதி முகாம், பிறகு சேவை என்று நாட்களைக் கொடுத்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்ட ஒருவரைப் பற்றிக் குடும்பத்தினர் பேசுவார்கள். அந்தப் பேச்சில் துயரத்தைவிடவும் மேலோங்கி நிற்பது திகைப்பு: இவ்வளவு படித்த பிள்ளை எப்படி ஏமாந்தது?

அந்தத் திகைப்பைத்தான் நான் முதலில் கலைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ இயக்கத்தைப் பற்றிச் சொல்வேன். 1984-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சிறிய யோகா வகுப்பாக அது தொடங்கியது. நடத்தியவர் பார்வைக் குறைபாடு உடைய ஷோக்கோ அசஹாரா. 1989 ஆகஸ்டில் அரசு நிர்வாகம் அதைச் சமய நிறுவனமாக அங்கீகரித்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அங்கே போய்விட்ட பிள்ளைகளை மீட்கப் போராடிய பெற்றோர்களுக்குத் துணை நின்ற வழக்கறிஞர் த்சுத்சுமி சகாமோத்தோ, அவருடைய மனைவி, ஒரு வயதுக் குழந்தை ஆகிய மூவரும் யோகொஹாமாவில் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்கள் கண்டெடுக்கப்பட்டது 1995 செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்த இயக்கம் வளர்ந்துகொண்டே போனது. ஃபூஜி மலையடிவாரத்தில் அது எழுப்பிய கட்டடங்களுக்கு ‘சத்யம்’ என்று நம் காதுக்குப் பழகிய சொல்லையே பெயராக வைத்து, அவற்றுள் ஏழாவது கட்டடத்தில் சரின் என்னும் நரம்பு நச்சைத் தயாரித்தது. 1995 மார்ச் 20 காலை, அலுவலக நேரத்தில், ஐந்து சுரங்க ரயில்களில் ஐந்து பேர் நச்சுத் திரவப் பைகளைத் தரையில் போட்டு, கூர்தீட்டிய குடைமுனைகளால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பதின்மூன்று பேர் இறந்தனர். பிற்காலத்தில் இன்னொருவரும் இறந்தார். பாதிக்கப்பட்டவர்கள் பல ஆயிரம்.

அந்த ஐவரும் அறிவியலோ பொறியியலோ மருத்துவமோ படித்தவர்கள். ஒருவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். இன்னொருவரான இக்குவோ ஹயாஷி இதய அறுவை மருத்துவர். நோயாளிகளைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். இவர்களில் யாரும் நச்சு தயாரிக்கும் இடத்தில் சேரப் போகவில்லை. உடல்நலத்துக்காக, மரணத்தைப் பற்றிய கேள்விக்காக, தன்னைப் புரிந்துகொள்ளும் மனிதர்களுக்காக ஒரு வகுப்புக்குப் போனார்கள். அதன்பின் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிடச் சற்றே பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். அறிவு இந்த வழியில் காவல் நிற்பதில்லை. எடுத்த முடிவுக்குப் பொருத்தமான காரணங்களைத் தேடிக் கொடுப்பதில் அது மிகவும் கெட்டிக்காரத்தனமானது என்பதை என் பணியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, குரு யார் என்று நான் முதலில் கேட்பதில்லை. பிள்ளை அங்கே போகத் தொடங்கியதற்கு முந்தைய ஓராண்டில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். விடை கிட்டத்தட்ட எப்போதும் கிடைத்துவிடும். அப்பா இறந்திருப்பார், நிச்சயித்த திருமணம் நின்றிருக்கும், வேலை பறிபோயிருக்கும், வெளியூர்க் கல்லூரியில் பேச்சுத்துணை இல்லாமல் தவித்திருப்பார். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டவர்கள் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். கொள்கை அதன் பிறகுதான் வருகிறது.

‘மூளைச்சலவை’ என்ற சொல்லையும் நான் தவிர்த்துவிடுகிறேன். தென்கொரியாவில் 1954-இல் சன் மியுங் மூன் தொடங்கிய ஒருங்கிணைப்புத் திருச்சபையைப் பற்றிப் பிரிட்டனின் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் விரிவாக ஆராய்ந்தார். அவர்களுடைய அறிமுகப் பயிலரங்குகளுக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகிவிட்டார்கள். யாராலும் மீற முடியாத வசியம் அங்கே இருந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. இதைச் சொல்லும்போது பெற்றோரின் முகத்தில் ஒரு தெளிவு வருவதைக் காண்கிறேன். போனவர்களில் பெரும்பாலோர் திரும்புகிறார்கள் என்பது, காத்திருக்கும் குடும்பத்துக்கு நான் தரக்கூடிய மிகப் பெரிய செய்தி.

அதே சமயம், புதிதாக எழுந்த ஒரு வழி என்பதாலேயே அதைச் சந்தேகிப்பது தவறு. வள்ளலார் சன்மார்க்க சங்கத்தை நிறுவியது 1865-இல். வடலூரில் தருமசாலை தொடங்கியது 1867-இல். அவருடைய பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று அன்றைய சைவ அறிஞர்கள் மோதிக்கொண்ட வழக்கு நம் இலக்கிய வரலாற்றில் பெரிய அத்தியாயம். அந்தச் சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. எனவே கொள்கை விசித்திரமாக இருக்கிறதா, குருவின் உடை எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நடத்தையைப் பாருங்கள் என்று குடும்பங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வெளியே வர நினைப்பவரை எப்படி நடத்துகிறார்கள்? வீட்டுக்குத் தனியாகப் பேச விடுகிறார்களா, அல்லது பேசும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரா? நீரிழிவுக்கோ வலிப்புக்கோ மனநோய்க்கோ எடுத்துவந்த மருந்தை நிறுத்தச் சொன்னார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால் நான் மற்ற எதற்கும் காத்திருப்பதில்லை; உடனே மருத்துவரிடம் பேச வைக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் அதைப் பேசக் கூசுகின்றன. மேலே குறிப்பிட்ட ஒருங்கிணைப்புத் திருச்சபையின் மீது ஜப்பானில் எழுந்த முதன்மையான குற்றச்சாட்டே இதுதான்: முன்னோர்களின் சாபம் குடும்பத்தைத் தொடர்கிறது என்று அச்சுறுத்தி, ஜாடிகளையும் முத்திரைகளையும் பெரும் விலைக்கு விற்பதும், அளவுகடந்த காணிக்கை வாங்குவதும். 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக் கொன்றவரின் தாய், அந்தத் திருச்சபைக்கு ஏறத்தாழ பத்துக் கோடி யென் கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போயிருந்தது. கொலைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால், அத்தகைய வீடுகளில் பட்டினியும் அவமானமுமாக வளர்ந்த பிள்ளைகளை, ‘இரண்டாம் தலைமுறையினர்’ என்று அந்நாட்டில் அழைக்கப்படுபவர்களை, ஜப்பான் அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில், அச்சுறுத்திக் காணிக்கை கேட்பதையும், கடன் வாங்கியோ குடியிருக்கும் வீட்டை விற்றோ கொடுக்கும்படி கோருவதையும் தடைசெய்து சட்டம் இயற்றப்பட்டது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்தத் திருச்சபையின் சமய நிறுவனத் தகுதியைக் கலைக்க ஆணையிட்டது. வழிபடும் உரிமை அந்த ஆணையால் பறிபோவதில்லை. நம்பிக்கையை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் விசாரித்த அந்த அணுகுமுறை எனக்குச் சரியானதாகவே படுகிறது.

இனி, செய்யக் கூடாததைச் சொல்கிறேன். ஆளை வைத்துத் தூக்கிவந்து அறையில் பூட்டி மனத்தை மாற்றிவிடலாம் என்ற யோசனையுடன் வந்த குடும்பங்களும் உண்டு. ஜப்பானில் அந்தத் திருச்சபை உறுப்பினர் ஒருவரை அவருடைய சொந்தக் குடும்பத்தினரே பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அடுக்ககத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் மனம் மாறவில்லை, வழக்குத் தொடுத்தார், 2015-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கிய தீர்ப்பை உறுதிசெய்தது. நம் நாட்டிலும் வயது வந்த ஒருவர் ஆட்கொணர்வு மனுவின் விசாரணையில், “என் விருப்பப்படிதான் இருக்கிறேன்” என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டால், பெரும்பாலும் வழக்கு அத்துடன் முடிந்துவிடும். அதன்பின் மகனுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த கடைசி நூலும் அறுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் அங்கே இருந்தாலோ, பாலியல் தொல்லையோ அடியோ நடப்பதாகத் தெரிந்தாலோ நிலைமை வேறு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மற்ற நேரங்களில் நான் சொல்லும் மருத்துவம் எளிமையானது, ஆனால் கடைப்பிடிக்க மிகவும் கடினமானது: பேசிக்கொண்டே இருங்கள். குருவைத் திட்டாதீர்கள், திட்டினால் அந்த நொடியிலிருந்து அவரைக் காக்கும் பொறுப்பு உங்கள் பிள்ளையின் தோளில் ஏறிவிடுகிறது. பாட்டியின் முழங்கால் வலி, தெருவில் போட்ட புதிய சாலை, பழைய நண்பனின் திருமணம் என்று வீட்டுச் செய்திகளைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் எழுதுங்கள். சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். பணம் மட்டும் அனுப்ப வேண்டாம். வீட்டுக்கு வர பயணச்சீட்டு வேண்டுமென்றால் எடுத்துத் தருவோம் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தக் காத்திருப்பில் பெற்றோரே மனம் உடைந்துபோவதுண்டு. அவர்கள் தங்களுக்காகவும் உதவி கேட்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

திரும்பி வருபவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் வெற்றியோடு வருவதில்லை. நண்பர்கள், அன்றாட ஒழுங்கு, வாழ்க்கைக்கு இருந்த பொருள் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழந்து வருகிறார்கள். இரவில் தூக்கம் வராது. விலகியதால் கேடு வரும் என்று சொல்லிவைத்த அச்சம் மாதக்கணக்கில் தொடரும். எந்தச் சட்டையை வாங்குவது என்று முடிவெடுக்கவும் சிலர் தடுமாறுவார்கள். நான்கு ஆண்டுகள் ஓர் இயக்கத்தில் இருந்துவிட்டு வந்த ஓர் இளைஞர், முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். எழும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “அங்கே நான் பாடிய பாட்டெல்லாம் எனக்கு இன்னும் பிடிக்கிறது. அது தப்பா?” தப்பில்லை என்றேன். அடுத்த வாரம் அவர் தம் தாயையும் அழைத்துக்கொண்டு வந்தார்.