கை கழுவும் ஓசிடியும் நாற்பது மதிப்பெண்ணும்

‘கவுன்சலிங் போனோம், ரெண்டு தடவை பேசினாங்க, ஒண்ணும் சரியாகலை’ என்று வருபவர்கள் நிறைய. பேசியவர் என்ன படித்தவர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, அதாவது மனநலப் பிரச்சினைகளுக்குப் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். இப்போது தொழிலில் இருப்பவர்களில் பலர், உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு எம்.ஃபில். படித்தவர்கள். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். மாத்திரை எழுதுவது சைக்காலஜிஸ்டுகளான எங்கள் வேலையல்ல, அது மனநல மருத்துவருடையது.

சிகிச்சை எப்படி நடக்கும்? ஓசிடியையே எடுத்துக்கொள்வோம். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, கை கழுவுவது போன்ற ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பாதிப்பு அது. முதலில் அளவிடுவோம்: பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16ஐத் தொட்டால் மிதமான பாதிப்பு, 24ஐத் தொட்டால் கடுமை. பிறகு பயப் பட்டியல். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் 100க்கு 30 பதற்றம், பேருந்துக் கம்பிக்கு 55, பொதுக் கழிப்பறைக் குழாய்க்கு 90 என்று நோயாளியே எண் போடுவார். 30, 40இல் தொடங்குவோம். கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சொல்ல வேண்டும். முதலில் ஏறும், கழுவாமலே பிறகு இறங்கும். ஒவ்வொரு முறையும் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பதற்றத்தோடு இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு கற்பதுதான் முக்கியம். 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் எழுதிக் காட்டிய வழியிலிருந்து வளர்ந்த முறை இது. வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள், இடையில் தினமும் வீட்டுப்பாடம்.

பெரும்பாலும் கெடுவது வீட்டில்தான். ‘அம்மா, கை சுத்தமா இருக்கா?’ என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் ‘இருக்குடா கண்ணா’ என்று சொல்வது பாசம்தான், ஆனால் கழுவியதற்குச் சமம். ஐந்து நிமிட நிம்மதி, மறுபடி அதே கேள்வி. சட்டென்று நிறுத்தினால் வீடு போர்க்களமாகிவிடும். பிள்ளையிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டு, ‘இது ஓசிடி கேட்கிற கேள்வி, பதில் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சொல்லப் பழகலாம். நனைத்த டிஷ்யூவோடு பயிற்சிக்கு வருபவர்களும் உண்டு. ரகசியமாகத் துடைத்தாலும் அது கழுவியதுதான்.

கடுமையான நிலையில் மாத்திரையும் சேர்த்தே போகும். ஓசிடிக்கு அது முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரமே ‘கேட்கலை’ என்று நிறுத்திவிட்டு வருகிறார்கள். நிறுத்துவதானாலும் குறைப்பதானாலும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டபிறகுதான்.