கட்டிலிலிருந்து முற்றம் வரை: புனர்வாழ்வு மருத்துவப் பயிற்சி

பாரிசவாதம் வந்தவர் திருகோணமலைப் பொது வைத்தியசாலை விடுதியில் இருப்பது சில நாள். அதன்பின் மூதூரிலோ நிலாவெளியிலோ வருடக்கணக்கில் வாழப்போகிறார். பயிலும் வைத்தியர் விடுதியோடு நின்றால் அந்தச் சில நாளை மட்டுமே கற்பார். ஒரே நோயாளரை அனுமதி முதல் வீடு வரை தொடர்ந்து பார்க்கவேண்டும். பயிற்சியின் அடிப்படையே அதுதான்.

முதல் நாள் விழுங்குதலைப் பாருங்கள். வாயால் எதையும் கொடுக்குமுன் நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டியால் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். இருமாவிட்டால் ஆபத்தில்லை என்று எடுக்கவேண்டாம்; தொண்டை உணர்ச்சி குன்றியவருக்குச் சத்தமில்லாமலே நுரையீரலுக்குள் இறங்கும். சந்தேகமென்றால் பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்கும்வரை வாயால் கொடுப்பதை நிறுத்துங்கள். உறவினருக்கும் உடனே விளங்கப்படுத்துங்கள். பாசத்தோடு பருக்கும் தேத்தண்ணிதான் பல இடங்களில் நியூமோனியாவாகிறது.

தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகும்; பிறகு மாதக்கணக்கில் வலி. கையின் கீழ் தலையணை வைக்கவும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவும் வைத்தியரே தாதியோடு நின்று பழகவேண்டும். அவசரமும் கூடாது. முதல் 24 மணித்தியாலத்துக்குள் கடுமையாக எழுப்பி நடத்தியவர்களுக்கு நல்ல விளைவு குறைவாக இருந்ததை, பாரிசவாத நோயாளரிடம் நடத்தி 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வு காட்டியது.

அடுத்த கட்டத்தில் 0 முதல் 5 வரையான அளவில் ‘தசை வலு 3’ என்று எழுதுவது போதாது. தனியாகக் கழிவறைக்குப் போய்வருவாரா? சட்டை போடுவாரா? இயன்மருத்துவர், அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் சொல்வதைக் கேட்டுத்தான் இலக்கு வைக்கவேண்டும்.

முள்ளந்தண்டு அடிபட்டவர்களில் இன்னொன்று. முண்நாணின் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டின்) ஆறாம் மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமிருந்து, திடீரென்று தலையிடி வந்து இரத்த அழுத்தம் ஏறினால், மாத்திரை தேடுமுன் நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டை அளக்கவேண்டும். 15 சென்ரிமீற்றர் படிக்கு, 1:12 கணக்கில், 180 சென்ரிமீற்றர் சாய்தளம் வேண்டும். கடற்கரைப் பக்க மணல் முற்றத்தில் சக்கர நாற்காலியின் முன் சில்லு புதையும். கழிவறைவரை சீமெந்துப் பாதை இல்லாவிட்டால் நாற்காலி மூலையில்தான் கிடக்கும். குந்துகழிவறைக்கு மேல் வைக்கும் கொமட் கதிரையையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்யுங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது தசை இறுக்கம், படுக்கைப்புண், மனச்சோர்வு மூன்றையும் பாருங்கள். தூக்கிப் பராமரிப்பவரின் இடுப்பு வலியையும் நித்திரையையும் கேளுங்கள். அவர் படுத்தால் நோயாளரைப் புரட்ட வீட்டில் ஆளில்லை.