ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சரில் வெடிச்சத்தமா? பிளக்கை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

"ஏறும்போது ஒண்ணும் இல்லைங்க, இறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்னாடி பட்பட்டுனு வெடிக்குது." ஊட்டி, குன்னூர் பக்கமிருந்து இறங்கி மேட்டுப்பாளையத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெட்ரோல் கார்க்காரர்கள் பலர் சொல்லும் புகார் இது.

முதலில் ஓர் அவசரமான விஷயம். சத்தத்துக்குப் பயந்து சிலர் வண்டியை நியூட்ரலில் போட்டு இறங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் பிடிமானம் போய்விடும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும், வழியில் இருக்கும் பர்லியார் வருவதற்குள் பிரேக் சூடேறி மிதித்தாலும் பிடிக்காத நிலை வரலாம். சத்தம் வந்தால் வரட்டும், இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

சரி, ஏன் வெடிக்கிறது? சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியே வந்து, சூடான சைலன்சர் பைப்புக்குள் காற்றோடு சேர்ந்து அங்கே தீப்பிடிக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது சாதாரணம், ஏனென்றால் காலை எடுத்தாலும் ஐடில் துவாரம் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படி இல்லை. கியரில் ஓடும்போது காலை முழுதாக எடுத்தால், ஆர்பிஎம் ஓரளவு மேலே இருக்கும்வரை, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். பெட்ரோலே போகாத நேரத்தில் வெடிக்கிறது என்றால் அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அதனால் நான் முதலில் கேட்பது, சத்தம் எப்போது வருகிறது என்று. காலை எடுத்த உடனே ஒன்றிரண்டு முறை வெடித்துவிட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் சைலன்சர் பாதையில் லீக். மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோலுக்கு வெளிக்காற்று கிடைத்துவிடுகிறது. இறக்கம் முழுக்க விடாமல் வெடித்தால் மூடியிருக்க வேண்டிய எதுவோ திறந்திருக்கிறது: சொட்டும் இன்ஜெக்டர், அல்லது பலர் மறந்துவிடுகிற பர்ஜ் வால்வு. டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் வால்வு அது. இறக்கத்தில் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம் உச்சத்தில் இருக்கும், வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆவி நேராக உள்ளே போகும். குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பக்க ஹோஸைக் கழற்றி வால்வு வாயில் விரல் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் இழுத்தால் வால்வு போய்விட்டது.

லீக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) பேக்கிங் பக்கம் சின்ன லீக் இருந்தால், ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றை சைலன்சர் பாதையில் இருக்கும் முதல் ஆக்சிஜன் சென்சார் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஈசியுவிடம் சொல்லும். ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இப்போது பெட்ரோலும் அதிகம், காற்றும் தயார். ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு, 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று வரும், அதைப் படித்துவிட்டு இன்ஜெக்டர் கிளீனிங், ஃபியூவல் பம்ப், சென்சார் என்று வரிசையாக மாற்றுவார்கள். அத்தனையும் மாற்றிய பிறகும் வெடித்துக்கொண்டிருந்த ஒரு ஹேட்ச்பேக் எங்களிடம் வந்தது. ஹீட் ஷீல்டைக் கழற்றினால், மேனிஃபோல்டும் டவுன் பைப்பும் சேரும் இடத்தில் கரிக்கோடு ஒன்று பென்சிலால் தீட்டியதுபோலத் தெரிந்தது. பேக்கிங் கருகி, ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. பேக்கிங்கும் போல்டும் புதிதாகப் போட்டதும் ஃபியூவல் டிரிம், அதாவது ஈசியு கூட்டிக் கொடுத்த பெட்ரோல் அளவு, தானாகவே இறங்கி வந்தது, சத்தமும் நின்றது.

பி0171 வேக்குவம் ஹோஸ் கிழிந்தாலும் வரும், அதையும் பார்த்துவிடுங்கள். பிளக், காயில் பழுதாகி மிஸ்ஸிங் அடித்தால் ஏற்றத்திலும் இழுவை குறையும். இறக்கத்தில் மட்டும் சத்தம் என்றால் அவற்றைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து கிளியரன்ஸ் (வால்வுக்கு விட்டிருக்கும் சின்ன இடைவெளி) குறையும், அதை அளக்காமல் விடக்கூடாது. ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்தால் அது வேறு கதை.

இளைஞர்கள் சிலர் இந்தச் சத்தத்துக்காகவே, புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வேறு சைலன்சர் போடுகிறார்கள். எனக்கு இது துளியும் பிடிக்காத வேலை, செய்து தரவும் மாட்டேன். தானாக வரும் சத்தத்தையும் சும்மா விடக்கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அடுக்கு உருகிவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், கன்வெர்ட்டர் சூட்டில் தீப்பிடிக்கலாம். இன்ஜின் பக்க லீக்கில் வரும் புகை ஏசி வழியாக உள்ளேயும் வரலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குழந்தைகளோடு ஏசி போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், வண்டியை ஓர் இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னால் கோபப்படாதீர்கள். சூடானதும் இரும்பு விரிந்து சின்ன லீக் அடைத்துக்கொள்ளும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் சில நொடி மூடினால், லீக் இருக்கும் இடத்தில் உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்கும்.