சொல் விளக்கம்: அட்ஹியரன்ஸ் – மருந்துக் கடைப்பிடிப்பு

எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சொன்ன அளவில், சொன்ன வேளையில், சொன்ன காலம்வரை சாப்பிடுவதை மருத்துவர்கள் அட்ஹியரன்ஸ் என்கிறார்கள். ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை இதன் வேர்.

முன்பு இந்த இடத்தில் இருந்த சொல் கம்ப்ளையன்ஸ். டாக்டர் சொல்வார், நோயாளி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழி நோயாளி மேல். உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, நோயாளியும் ஒப்புக்கொண்ட பரிந்துரையைப் பின்பற்றுவதே அட்ஹியரன்ஸ் என்று வரையறுத்தது. நாள்பட்ட நோய்களுக்கு வளர்ந்த நாடுகளிலேயே இது சராசரியாக 50 விழுக்காடுதான் என்றும் சொன்னது.

மனச்சோர்வு மாத்திரைகளில் அந்த ‘ஒப்புக்கொண்ட’ என்பதுதான் உயிர்நாடி. எஸ்சிட்டலோப்ராம் போன்றவை வேலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. வயிற்றுப் புரட்டலும் தலைவலியும் முதல் சில நாளிலேயே வந்துவிடும். இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினால், பாதி பிரித்த அட்டை அலமாரிக்குப் போகாமல் என்ன செய்யும்? தாம்பத்திய ஆசை குறைந்ததை வெளியே சொல்லக் கூசி நிறுத்துகிறவர்கள் உண்டு. ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று விடுகிறவர்களும் உண்டு. நோய் திரும்பாமலிருக்க, தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம்.

அப்புறம், ‘பழகிப்போயிடும்’ என்ற பயம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், மண்டைக்குள் ஷாக் அடித்தாற்போல வெட்டும். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸினில் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. மருந்துக்கு அடிமையாகிவிட்டோம் என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் போதைப் பொருளைப் போல மனம் இதைத் தேடி அலைவதில்லை. மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்தத் தொல்லையும் பெரும்பாலும் மட்டுப்படும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மருந்து இணக்கம்’ என்றால் பழைய கம்ப்ளையன்ஸ் வாடைதான் அடிக்கிறது. என் தேர்வு கடைப்பிடிப்பு. அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று ஆடவர்க்குரிய நான்கு குணங்களைச் சொல்லும் மரபில், கடைப்பிடிக்கு உரைகாரர்கள் தந்த பொருள் ‘கொண்ட பொருள் மறவாமை’. தானே ஏற்றுக்கொண்டது என்பது ‘கொண்ட’விலேயே இருக்கிறது. ஆணுக்கு மட்டும் என்ற வேலியை நாம் எடுத்துவிடலாம்.

பயன்பாடு: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுமிடத்தில், ‘வயிற்றுப் புரட்டலால் இரண்டாம் வாரம் கடைப்பிடிப்பு நின்றது’ என்று எழுதலாம்.