ஸ்கேன் நார்மல் என்றால் நோய் பொய்யா?

பெரிய ஸ்கேன் கவரை மேசையில் வைத்த அந்த அப்பா உட்காரவே இல்லை. "எட்டாயிரம் ரூபாய் கட்டி எடுத்தோம் டாக்டர். மூளையில ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அப்ப இவ நடிக்கிறாதானே?"

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வலது கை மணிக்கட்டிலிருந்து படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதே மணிக்கட்டில் மூன்று கலரில் கயிறு. ஸ்கேன் சென்டருக்கு முன்பு எங்கெல்லாம் போய் வந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

மனநல மருத்துவர் என்ற முறையில் இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு முறையாவது என் காதில் விழுந்துவிடுகிறது. மூளையில் எது நடந்தாலும் படத்தில் விழுந்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் உருவத்தை. கட்டி, ரத்தக் கசிவு, பழைய பக்கவாதத்தின் தழும்பு, மூளைச் சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். பயமும் துக்கமும் தெரியாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயம் எவ்வளவு பெரிது என்று தெரிகிறது, அது படபடத்ததா என்று தெரிவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

சரி, அந்தப் பெண்ணிடம் ஒரு சின்னச் சோதனை செய்தேன். நான் மேசையில் தட்டும் தாளத்துக்கு இடது கையால் தட்டச் சொன்னேன். வேகத்தை மாற்றி மாற்றித் தட்டினேன். வலது கையின் நடுக்கம் தடுமாறியது, ஒரு கணம் நின்றது, பிறகு என் தாளத்தையே பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, நிறுத்த முடியுது!" என்றார் அப்பா.

அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பார்க்கின்சன் நடுக்கம் இப்படித் தாளத்துக்கு மாறாது. இப்படி மாறுவதை ஃபங்ஷனல் நடுக்கம் என்கிறோம். கவனம் வேறு பக்கம் திரும்பினால் அது பிடியை விடும், கவனம் கைக்குத் திரும்பினால் மறுபடி பிடிக்கும். நரம்பில் பழுதில்லை, நரம்பை இயக்கும் விதத்தில்தான் கோளாறு. சரி, இது நடிப்பில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் மூளைப் படம் எடுக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு உண்டு.

செயல்சார் எம்.ஆர்.ஐ. என்று ஒரு முறை இருக்கிறது. 1990-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா அதற்கு அடிப்படை போட்டார். ஆக்சிஜனை இழந்த ரத்தம் காந்தப் புலத்தை லேசாகக் கலைக்கும், ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கலைக்காது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால் அங்கே தேவைக்கு மேலேயே ரத்தம் பாய்கிறது. நாலு பேர் சாப்பிட வந்தால் பத்துப் பேருக்குச் சமைக்கிற வீட்டைப் போல. அந்த மிச்சத்தைத்தான் கருவி பிடிக்கிறது. நரம்பு செல் வேலை செய்ததை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தம் பெருகி உச்சத்துக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகும். 'மூளை ஒளிர்ந்தது' என்று செய்திகளில் வரும் சிவப்பு மஞ்சள் புள்ளிகள் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பூசிய வண்ணம். உள்ளே விளக்கு எதுவும் எரிவதில்லை.

2010-இல் வெலரி வூனும் சக ஆய்வாளர்களும் ஃபங்ஷனல் நடுக்கம் உள்ள எட்டுப் பேரை இந்தக் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். நடுக்கம் தானாக வரும்போது ஒரு படம். அதே ஆளை, அதே நடுக்கத்தை வேண்டுமென்றே செய்து காட்டச் சொல்லி இன்னொரு படம். வெளியிலிருந்து பார்த்தால் கை ஒரே மாதிரிதான் ஆடுகிறது. ஆனால் வலது காதுக்கு மேலே சற்றுப் பின்பக்கமாக உள்ள ஒரு பகுதி, தானாக வந்த நடுக்கத்தின்போது மந்தமாக இருந்தது. 'இதை நான்தான் செய்கிறேன்' என்ற உணர்வோடு தொடர்புள்ள இடம் அது. கை தன் போக்கில் ஆடுகிறது என்று நோயாளி சொன்னால், அது அவருக்கு அப்படித்தான் இருக்கிறது. எட்டுப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும் எத்தனை வீடுகளில் பழிச்சொல்லாக விழுந்த 'நடிப்பு' என்ற வார்த்தையை அது அசைத்துப் பார்த்தது!

"அப்ப அந்த ஸ்கேனையே எடுத்துடலாமே டாக்டர்?"

எடுத்துப் பயனில்லை. அது எட்டுப் பேரின் சராசரியில் தெரிந்த வித்தியாசம். தனி ஒருவரின் படத்தை வைத்து உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 1976-லேயே லண்டனில் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர் சி.டி. ஸ்கேனில் ஒன்றைக் கண்டார்கள். நாள்பட்ட ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்களுக்கு, மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் நீரறைகள் சராசரியாகப் பெரிதாக இருந்தன. அது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனாலும் இன்றுவரை ஸ்கேனைப் பார்த்து நாங்கள் ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்வதில்லை. பெரிய நீரறையோடு நலமாக இருப்பவரும் உண்டு, சாதாரண அளவோடு நோய் உள்ளவரும் உண்டு.

இந்தத் துறை தன்னைத் தானே கேலி செய்துகொண்ட கதையும் இருக்கிறது. 2009-இல் கிரெய்க் பென்னட் குழு, கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டது. மீனின் மூளையில் ஒரு புள்ளி சிவந்தது! மூளையை ஒரு லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஆயிரத்தில் ஒரு தவறு பரவாயில்லை என்று விட்டால், சும்மாவே நூறு கட்டங்கள் சிவக்கும். அதைத் திருத்தாமல் கணக்குப் போடக்கூடாது என்பதற்காகத்தான் மீனைப் படுக்க வைத்தார்கள். 2022-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. மூளையின் அமைப்பை மனிதர்களின் குணம், திறமையோடு பொருத்திச் சொல்ல வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோர் தேவை, இருபது முப்பது பேரை வைத்துச் சொன்னவை பெரும்பாலும் நிற்காது என்றது. ஆகவே மூளைப் படம் எடுத்து டிப்ரஷனையோ பிள்ளையின் படிப்புத் திறமையையோ கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடி வையுங்கள்.

தேவையில்லாத ஸ்கேன் வேறு ஒரு தலைவலியையும் கொண்டுவரும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எந்தத் தொந்தரவும் இல்லாத 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2007-இல் வந்த அந்த முடிவின்படி 7.2 சதவீதம் பேருக்கு அவர்களே அறியாத பழைய சிறு பக்கவாதத் தடம் இருந்தது, 1.6 சதவீதம் பேருக்குச் சாதுவான கட்டி. இந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டிலும் சைனஸில் லேசான வீக்கம் என்று ஒரு வரி இருந்தது. நடுக்கத்துக்குக் காரணம் அந்தச் சளிதானோ என்று அம்மா இரண்டு வாரம் ஆவி பிடிக்க வைத்திருக்கிறார்.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரை, மனைவி இறந்த சோகம் என்று அழைத்து வந்தார்கள். பேச்சு குறைந்துவிட்டது, பகலெல்லாம் தூக்கம், வேட்டி கட்டுவதில் குழப்பம். இரண்டு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை மருமகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். சி.டி. எடுத்தால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கி அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் என்னிடம் பேப்பர் கேட்டார். முதல்முறையாக வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், வயதானவரிடம் சில வாரங்களில் குணமே மாறிப்போவது, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, அடிபட்ட பின் வரும் குழப்பம் எல்லாவற்றுக்கும் படம் அவசியம், அதுவும் சீக்கிரம்.

அந்தப் பெண்ணுக்கு, தாளத்தையே மருந்தாக்கினார் எங்கள் பிசியோதெரபிஸ்ட். பேச்சு சிகிச்சையில் அண்ணனின் விபத்து பற்றி அவள் பேச ஐந்தாவது வாரமாயிற்று. மூன்று மாதத்தில் பேனா பிடித்து எழுதினாள். பரீட்சைக்கு முந்தின வாரம் நடுக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அப்புறம் போய்விட்டது.

கடைசியாக வந்த அன்று அப்பா அந்தக் கவரைக் காட்டி, "இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார், பத்திரமா வைங்க. நாளைக்கு எதுக்காவது மறுபடி படம் எடுத்தா ஒப்பிட்டுப் பார்க்க உதவும்" என்றேன். கவரை மகளிடம் கொடுத்தார். அவள் வலது கையால் வாங்கிக்கொண்டாள்.